ரப்பர் கூரைக்கு எந்தப் பசை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

*பின்கட்டுச் சமையலறையின் தட்டைக் கூரைக்குப் புதிதாக ஓ.எஸ்.பி. பலகை (மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்தது) அடித்திருக்கிறோம். மேலே இ.பி.டி.எம். ரப்பர் விரிப்பு போட வேண்டும். கடையில் தண்ணீர்ப் பசை, கான்டாக்ட் பசை என்று இரண்டு டின்களை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று போதாதா ஐயா?*
(லண்டன் ஹாரோ வாசகர்)

போதாது. கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். நடுவில் உள்ள பரந்த பகுதிக்குத் தண்ணீர்ப் பசை. அதை ரோலரால் பலகையில் மட்டும் தடவி, ஈரம் இருக்கும்போதே விரிப்பைப் படியவிட வேண்டும். பசையில் உள்ள தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்வதால்தான் அது இறுகுகிறது. விரிப்பு கோணலாகப் போனால் நகர்த்திச் சரிசெய்யவும் அவகாசம் கிடைக்கும்.

ஓரங்களுக்கும், சுவரில் ஏறும் பகுதிக்கும் கான்டாக்ட் பசை. சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டராவது விரிப்பு ஏற வேண்டும். செருப்புத் தைப்பவர் இரண்டு பக்கமும் பசை தடவி, காயவிட்டு, பிறகு அழுத்துவாரே, அதே முறைதான். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. அதுதான் பதம். பலர் அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவி வெளியேற வழியில்லாமல், வெயில் பட்டதும் கொப்புளமாகக் கிளம்புகிறது. இந்தப் பசை எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பு ஆகாது.

சுருளைப் பிரித்ததும் ஒட்டத் தொடங்காதீர்கள். அரை மணி நேரம் விரித்துப் போட்டால் மடிப்புகள் தளர்ந்துவிடும். உறைபனி எதிர்பார்க்கும் நாளில் தண்ணீர்ப் பசையைத் தொடவே வேண்டாம்.

*பலகைக்கு மேல் வெப்பத்தடுப்பு அட்டை போட்டிருக்கிறோம். அதற்கும் இதே பசைதானா?*
(ஈஸ்ட்ஹாம் வாசகி)

அட்டையின் மேல்முகம் என்ன பொருள்? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். ஒட்டப்போகும் ரப்பர் எல்லோருக்கும் ஒன்றுதான், கீழே இருப்பதுதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை தண்ணீரை உறிஞ்சாது. அதன்மேல் தண்ணீர்ப் பசை பல நாள் ஈரமாகவே கிடக்கும். தெர்மோகோல் என்றால் கான்டாக்ட் பசையின் கரைப்பான் அதை அரித்துக் குழியாக்கிவிடும். அட்டைக்கு மேல் ஓர் அடுக்கு ஓ.எஸ்.பி. அடித்துவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் முதல் பதிலில் சொன்ன முறையை அப்படியே பின்பற்றலாம்.

*பழைய தார் ஃபெல்ட்டின் (தார் ஊறிய கூரை விரிப்பு) மேலேயே ஒட்டலாமா?*

கூடாது. தாரில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள் இந்த ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். உரித்தெடுங்கள், அல்லது மேலே புதுப் பலகை அடியுங்கள். ரப்பர் கூரையில் ஓட்டை விழுந்தால் தார் பூசி அடைப்பதும் இதே காரணத்தால் தவறு.

*இரண்டு விரிப்புகள் சேரும் இடத்தைச் சூடுகாட்டி ஒட்டலாமா? மிச்சமிருக்கும் கான்டாக்ட் பசை போதுமா?*

இரண்டும் வேண்டாம். பி.வி.சி. விரிப்பு சூட்டில் உருகி ஒன்றாகும், இ.பி.டி.எம். வல்கனைஸ் செய்த, அதாவது தயாரிப்பிலேயே நிரந்தரமாக இறுகவைத்த ரப்பர், உருகாது. இணைப்புக்கென்றே பிரைமரும் டேப்பும் விற்கிறார்கள். விரிப்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் தூளைத் துடைத்து, பிரைமர் தடவிக் காயவிட்டு, டேப்பை ஒட்டிக் கை ரோலரால் அழுத்தி உருட்டுங்கள். கூரை ஒழுகுவது பெரும்பாலும் இணைப்புகளிலும் மூலைகளிலும்தான். பசைச் செலவில் மிச்சம் பிடிக்க நினைத்தால், தயவுசெய்து இங்கே பிடிக்காதீர்கள். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கானும் இந்த ரப்பரில் நிலைத்து நிற்காது.

*மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடி ஒழுகுகிறது. தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த பழைய தளம். ரப்பர் விரிப்பு ஒட்டலாமா?*
(சென்னை வாசகர்)

உங்களுக்கு நான் பசையே பரிந்துரைக்க மாட்டேன். தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை மழைநீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே ரப்பரால் மூடினால், சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி விரிப்பைத் தூக்கிவிடும். தட்டோட்டையும் கலவையையும் எடுத்துவிட்டு, வெறும் கான்கிரீட்டைச் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு பக்கத்தையும் டேப்பால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று பொருள். காய்ந்த பிறகு, கான்கிரீட்டுக்கு ஏற்றது என்று விரிப்பைத் தயாரித்தவர் சொல்லும் பசையை வாங்குங்கள். கறுப்பு விரிப்பு உச்சிவெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும், பசையும் பதம் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். வேலையை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.