பூ விழுந்த கண்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'ரோஜாப் பாதை' ஓவியத்தைக் கைபேசியில் பார்த்தேன். பாதையும் தெரியவில்லை, ரோஜாவும் தெரியவில்லை. கண்புரை வந்தபின் வரைந்தது என்கிறார்கள். அப்படியானால் அது கலையா, நோயா? கூடத்தில் மாட்ட அவருடைய தோட்டப் படம் ஒன்றும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கூடத்துச் சுவர் உங்களுடையது, பிடித்ததை மாட்டுங்கள். உள்ளங்கை அளவில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள்.

கண்புரை என்றீர்களே, போன மாதம் முழுக்க எனக்கும் அதே நினைப்புதான். அம்மாவுக்கு ஆபரேஷன். எங்கள் பக்கம் 'கண்ணில் பூ விழுந்துடுச்சு' என்பார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீலமாடா? பச்சைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!" ஆனால் அந்தக் கண்ணோடுதான் மூன்று வருடம் வாசலில் கோலம் போட்டார். ஒரு புள்ளி பிசகவில்லை. அதை நோய் போட்ட கோலம் என்பீர்களா?

மோனே பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறியது 1883இல். வீட்டிலிருந்து கீழ்வாசல்வரை இறங்கும் நடுப்பாதை, மேலே ரோஜா ஏறிய இரும்பு வளைவுகள், கோடை முடிவில் மண்ணையே மூடிவிடும் நஸ்டர்டியம் கொடிகள் எல்லாம் அவரே திட்டமிட்டு வளர்த்தவை. 1902இல் வரைந்த பாதை வியன்னாவில் இருக்கிறது. அதில் எல்லாம் தெளிவு. 1912இல் புரை என்றார்கள். நீங்கள் பார்த்தது 1920-22இல் வரைந்தது, சிவப்பும் பழுப்பும் பின்னிக் கிடப்பது. நிறம் மாறியது புரையால்தான், மறுக்கவில்லை. குழாயில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் வண்ணம் எடுத்தார். ஆனால் அந்த வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுக்கின்றனவே, அதையும் புரையா போட்டது? நாற்பது வருடம் நடந்த கால் போட்டது! டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு ஓவியம் பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நீங்களும் அதில் சேராதீர்கள், நல்ல பையன்.

1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அப்புறம் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பி, நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டார். நீங்கள் பார்த்தது போன்ற கடைசிக்காலப் பாதைப் படங்கள் ஸ்டுடியோவிலேயே தங்கிவிட்டன. மகன் மிஷெல் இறந்தபின், 1966இல்தான் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அம்மா நன்றாக இருக்கிறார். பேப்பர்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும், "அந்தப் பச்சைத் தட்டை எடு" என்றுதான் இன்னமும் சொல்கிறார்.