ஊராட்சித் தேர்தல்: வேட்பாளர் மேல் உள்ள வழக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: தலைவர் பதவிக்கு நிற்பவர் மேல் நான்கு வழக்கு இருப்பதாக எதிரணியினர் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். "எல்லாம் பொய் வழக்கு" என்கிறார் அவர். எதை நம்புவது?
*– வாசகர், பெருந்துறை*

பதில்: இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வேட்புமனுவோடு அவர் கொடுத்த உறுதிமொழி ஆவணத்தைப் பாருங்கள். பழைய தண்டனை, நிலுவை வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனு வாங்கிய அலுவலகத்தில் கேளுங்கள்.

வழக்கு எத்தனை என்பதை விட என்ன பிரிவு என்பதுதான் முக்கியம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று இருந்தால் பெரும்பாலும் சாலை மறியல், அனுமதி இல்லாத ஆர்ப்பாட்டம். குடிதண்ணீருக்காக மறியல் செய்தவருக்கு அது குறையே இல்லை. 294(பி), 323, 506(1) மூன்றும் சேர்ந்து வந்தால் கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். வரப்புத் தகராறிலும் திருவிழாச் சண்டையிலும் ஸ்டேஷனில் வழக்கமாகப் போடுவது இதைத்தான். ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். வேறு வேறு ஆட்களோடு மூன்று முறை என்றால் அது அவர் சுபாவம். நாளை குழாய் இணைப்பு கேட்டுப் போகிறவரிடமும் அதே கைதான் ஓங்கும்.

420, 406, 409 இருந்தால் நிதானமாகப் படியுங்கள். 420 ஏமாற்று, 406 நம்பிக்கை மோசடி. 409 என்பது பொறுப்பில் இருந்தவர் தன்னிடம் ஒப்படைத்த பணத்தைக் கையாடியதாகக் குற்றச்சாட்டு. ஊராட்சிக் கணக்கை ஒப்படைக்கப் போகிறவர் மேல் இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும்: 420-க்கு 318(4), 409-க்கு 316(5), 323-க்கு 115(2).

அடுத்து, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் கொடுத்த புகார், அவ்வளவுதான். போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்திருந்தால் கனம் கூடுகிறது. "விடுதலை ஆகிவிட்டேன்" என்றால் தீர்ப்பைப் பாருங்கள். சாட்சிகள் பல்டி அடித்ததால் விடுதலை என்பது ஒன்று. புகாரே பொய் என்று நீதிபதி எழுதியிருப்பது வேறு.

நீதிமன்ற வழக்குகளைத் தேட உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் வழக்கு வராது. அதனால் ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு வைத்துத் தேடுவதே நல்லது. நிலுவை வழக்கை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிந்துபோன வழக்கு கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். அதே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயர் ஒத்துவராமல் வாட்ஸ்அப்பில் போட்டீர்களானால் அடுத்த வழக்கு உங்கள் மேல்தான்.

கேள்வி: வழக்கை மறைத்து ஜெயித்துவிட்டால்?
*– வாசகர், மேட்டுப்பாளையம்*

பதில்: உங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் 2006 அக்டோபரில் நடந்தது. வென்றவர் தன் மேல் இருந்த வழக்குகளை முழுதாகச் சொல்லவில்லை என்று தேர்தல் வழக்குப் போடப்பட்டது. வேட்பாளர் வழக்கை மறைப்பது வாக்காளர்மேல் தகாத செல்வாக்கு செலுத்துவதாகும், தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வந்தது 2015 பிப்ரவரியில். ஐந்தாண்டுப் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே தேட வேண்டியதை வாக்குப்பதிவுக்கு முன்பே தேடிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அம்மா மேல் ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அவர் கணவரைப் பற்றி ஊரே பயப்படுகிறது.
*– வாசகி, உசிலம்பட்டி*

பதில்: உறுதிமொழி ஆவணத்தில் கணவரின் சொத்து வரும், கணவரின் வழக்கு வராது. பெரிய ஓட்டை அது. கணவர் பெயரைத் தனியாகத் தேடுங்கள்.

அந்த அம்மா வெறும் பெயருக்கு நிற்கிறாரா என்று அறிய, பிரச்சாரத்துக்கு வரும்போது அவரிடமே கேளுங்கள்: மேல்நிலைத் தொட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவப்படுகிறது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை. பதிலை அவர் சொல்கிறாரா, கணவர் முந்திக்கொள்கிறாரா என்று பாருங்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வாயால் சொன்னால் அதுவே தேவலாம்.

கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். அந்தக் கணவருக்குத் தலையாட்டாத ஒருவரை உங்கள் வார்டிலிருந்து அனுப்பினாலும் ஒரு பூட்டு போட்ட மாதிரி.

கேள்வி: வேட்பாளருக்கு இரண்டு குடும்பம் என்கிறார்கள். இதைப் பார்க்கலாமா?
*– வாசகர், திருவாரூர்*

பதில்: யாருக்காவது அதனால் தீங்கு நடந்ததா என்று மட்டும் பாருங்கள். மனைவியை அடித்த புகார், ஜீவனாம்சம் கொடுக்காத வழக்கு, வரதட்சணைக் கொடுமை (பழைய 498ஏ, இப்போது 85) இவையெல்லாம் "வீட்டு விவகாரம்" அல்ல; தன்னை அண்டி இருப்பவரிடம் அதிகாரத்தை எப்படிக் காட்டுகிறார் என்பதற்குச் சான்று. மற்றது டீக்கடைப் பேச்சு. அதிலும் பெண் வேட்பாளர் என்றால் நூல் இல்லாமலே சேலை நெய்துவிடுவார்கள். ஆவணம் இல்லாத எதையும் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஓடைப் புறம்போக்கை வளைத்தவர், மறுபடி நிற்கிறார். எப்படி உறுதிசெய்வது?
*– வாசகர், அரூர்*

பதில்: புல எண் தெரிந்தால் போதும். தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் 'அ' பதிவேட்டை (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் பதிவு) திறந்து வகையைப் பாருங்கள். ஓடை என்றோ அரசு புறம்போக்கு என்றோ இருந்தால் புலப்படத்தையும் (நில எல்லை வரைபடம்) எடுத்து, அவர் வேலி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். பக்கத்துப் பட்டாவில் ஆரம்பித்து ஓடைக்குள் நீண்டிருப்பதுதான் வழக்கம் என்பதால் அடுத்த புல எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே தலைவராக இருந்தவர் என்பதால் அவர் காலத்துச் செலவு விவரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்; கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, முதல் மேல்முறையீடு என்றால் இன்னும் இழுக்கும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு மனுப் போட்டால் பதில் வருவதற்குள் அவர் பதவியேற்றிருப்பார்.