வாசகர் கேள்வி: அங்கோர் வாட் போகிறவர் கவனத்துக்கு

கேள்வி: பெற்றோருடன் முதன்முறையாகக் கம்போடியா போகிறேன். அங்கோர் வாட் அருகிலுள்ள சியம் ரீப் ஊரில் 3 நாள். பணம், அனுமதிச்சீட்டு, உடை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: கையில் அமெரிக்க டாலர் இருக்கட்டும், அதுவும் சில்லறையாக: 1, 5, 10. நோட்டின் ஓரம் சிறிது கிழிந்திருந்தாலும் கடைக்காரர் வாங்க மாட்டார். ஆகவே இங்கே மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு டாலருக்குக் குறைந்த பாக்கியைக் கம்போடியப் பணமான ரியலில் தருவார்கள்; சுமார் 4,000 ரியல் ஒரு டாலர்.

அங்கோர் கோயில்களுக்கான அனுமதிச்சீட்டு 1 நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டே நல்லது. 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் செல்லும் என்பதால் பெற்றோருக்கு இடையில் ஓய்வு தரலாம். கோயில் வாசலில் சீட்டு விற்பதில்லை. அதிகாரபூர்வ மையத்திலோ அதன் இணையதளத்திலோதான் வாங்க வேண்டும். மாலை 5 மணிக்குப் பிறகு வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு. அன்றைய அஸ்தமனத்தையும் பார்த்துவிடலாம்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். விடியலில் கோபுரங்கள் நிழலுருவாகவே தெரியும். முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில். மேல் தளமான பாக்கானுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மேலே சால்வை போர்த்தினால் போதாது. படிகள் மிகச் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே சிற்பச் சுவர்களைப் பார்க்கட்டும், அவையே அரைநாள் கேட்கும். பௌத்தப் புனித நாட்களில் பாக்கான் மூடியிருக்கும்.

2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்துக்குக் கிளம்பும்போது ஒரு மணி நேரப் பயணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.