ஒரு கலியாணத்துப் படங்களை ஏற்ற இரண்டரை மணித்தியாலமா?

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் படம் எடுத்து வருகிறேன். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு கலியாணத்துக்கு ஏறத்தாழ 1800 றோ படங்கள் (கமரா பதியும் மூலப் படங்கள்) சேர்கின்றன. ஒவ்வொன்றும் 28 மெகாபைட் அளவில் இருக்கும். அவற்றை மடிக்கணினியில் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்குக்குள் ஏற்ற இரண்டரை மணித்தியாலம் பிடிக்கிறது. கார்ட் ரீடர் ஏழெட்டு வருடங்களாகப் பாவிப்பது. நண்பர் ஒருவர் சொன்னபடி 1:1 முன்னோட்டத்தைத் தெரிவுசெய்து வைத்திருக்கிறேன். காலி வீதிக் கடையொன்றில் ரேமை 16 கிகாபைட்டிலிருந்து 32 ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கலாமா?

பதில்: இப்போதைக்கு அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். படங்களை ஏற்றுவது என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நடப்பவை இரண்டு வேலைகள். கார்டில் உள்ள கோப்புகளைக் கணினிக்குப் பிரதி பண்ணுவது ஒன்று; ஒவ்வொரு றோ கோப்பையும் விரித்து முன்னோட்டப் படம் தயாரிப்பது மற்றொன்று. முன்னதற்கு கார்டும் ரீடரும் கணினியின் சேமிப்புத் தட்டும் பொறுப்பு. பின்னதற்கு ப்ரொசெசர் பொறுப்பு. 16 கிகாபைட் ரேம் இந்த இரண்டில் எதற்கும் தடையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஆகவே முதலில் இரண்டையும் பிரித்து அளந்து பாருங்கள். லைட்ரூமை மூடிவிட்டு, கார்டில் உள்ள படங்களைச் சாதாரணமாக ஒரு கோப்புறைக்குள் பிரதி பண்ணி, எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் 1800 படங்களும் சேர்ந்தால் சுமார் 50 கிகாபைட். யூஎஸ்பி 2.0 இன் வேகம் ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் என்றாலும், நடைமுறையில் 35 மெகாபைட் அளவுதான் கிடைக்கும்; அந்தக் கணக்கில் பிரதி பண்ண மட்டும் 24 நிமிடம் வேண்டும். விநாடிக்கு 90 மெகாபைட் தரும் யூஎஸ்பி 3 ரீடரில் அதே வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உங்கள் ரீடர் எந்த வகை என்று அறிய அதன் முனைக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு பொன்னிறத் தகடுகள் மட்டும் தெரிந்தால் அது யூஎஸ்பி 2. அவற்றுக்குப் பின்னால் சற்று உள்ளே இன்னும் ஐந்து சிறு தொடுமுனைகள் இருந்தால் யூஎஸ்பி 3. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கும் பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். மடிக்கணினியின் துளையையும் இப்படியே பார்க்க வேண்டும், ஏனெனில் புதிய ரீடரைப் பழைய துளையில் செருகினால் பயனில்லை. (என் மேசையில் ரீடரைப் பல மாதங்களாக ஒரு துளையைப் பலவாக்கும் பழைய ஹப்பில் செருகிவிட்டு, கார்டைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.) கார்டின் முகப்பில் 170 மெகாபைட் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். யூஎச்எஸ்-1 என்ற வேகத் தரத்தைச் சேர்ந்த கார்டின் நியம உச்சம் விநாடிக்கு 104 மெகாபைட்தான். அதற்கு மேற்பட்ட வேகம் அந்த நிறுவனமே விற்கும் ரீடர் போன்ற சிலவற்றில் மட்டும் கிடைக்கும்.

ரீடர் பழையதே என்றாலும் அது தின்பது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. மீதி நேரத்தைத் தின்பது 1:1 முன்னோட்டம்தான் என்று நினைக்கிறேன். அதைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு படத்தையும் முழு அளவில், 24 மெகாபிக்சலுக்கும் விரித்துத் தயாரிக்குமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடுகிறீர்கள். ஒரு படத்துக்கு 4 விநாடி என்று வைத்தாலே 1800 படங்களுக்குச் சரியாக 2 மணித்தியாலம் ஆகிறது. பிரதி பண்ணும் 24 நிமிடத்தையும் சேர்த்தால் உங்கள் இரண்டரை மணித்தியாலத்துக்குக் கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. அதிலும், தெரிவுகளை மாற்றாதிருந்தால், இவ்வளவு பாடுபட்டுத் தயாரித்த 1:1 முன்னோட்டங்களை லைட்ரூம் 30 நாளில் தானே அழித்துவிடும்.

ஏற்றும் சாளரத்தின் வலப்பக்கத்தில் ‘பில்ட் பிரிவியூஸ்’ என்ற இடத்தில் ‘எம்பெடட் அண்ட் சைட்கார்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கமரா ஒவ்வொரு றோ கோப்புக்குள்ளும் ஒரு ஜேபெக் படத்தை வைத்தே தருகிறது. 2017 இல் மேம்படுத்தப்பட்ட இந்தத் தெரிவு அதை எடுத்துக் காட்டிவிடுவதால் படங்கள் உடனே கண்ணுக்குத் தெரியும். நிறம் கமரா தந்த நிறமாகத்தான் இருக்கும், திருத்தத் தொடங்கியதும் சற்று மாறும். சில கமராக்கள் சிறிய ஜேபெக்கையே வைப்பதால் பெருப்பித்துப் பார்க்கும்போது கண் இமை கூர்மையாக இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியாது. ஆனாலும் கண் மூடியவர்களையும், தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே கை நீட்டிய மாமாவையும் கழித்துவிட அது தாராளமாகப் போதும். 1800 இல் 600 மிஞ்சிய பிறகு, அந்த 600 க்கு மட்டும் ‘லைப்ரரி’ மெனுவின் ‘பிரிவியூஸ்’ பகுதியில் 1:1 முன்னோட்டத்தைத் தயாரிக்கக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

அதே சாளரத்தின் மேற்பகுதியில் ‘கொப்பி அஸ் டி.என்.ஜி.’ என்று இருந்தால் ‘கொப்பி’ என்று மாற்றுங்கள், முன்னையது ஒவ்வொரு கோப்பையும் டி.என்.ஜி. என்ற வேறொரு றோ வடிவத்துக்கு உருமாற்றுவதால் நேரம் கூடும். ஏற்றும்போது மடிக்கணினியை மின்சாரத்தில் செருகியே வையுங்கள். பற்றரியில் ஓடும்போது பல கணினிகள் ப்ரொசெசரின் வேகத்தைத் தாமே குறைத்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் எழுத எழுதச் சோதிப்பதுண்டு. அதை நிறுத்தாமல், லைட்ரூமின் படப் பதிவேடான கட்டலொக் இருக்கும் கோப்புறையை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். அச்சகங்களுக்குப் போய்வரும் கார்டுகளை ஒருமுறை சோதிப்பது எப்போதும் நல்லது.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நேரடியாக ஏற்றுகிறேன். முதல் சில நூறு படங்கள் வேகமாகப் போய், பிறகு ஊர்ந்து செல்கின்றன. சில நாட்களில் ஒரே படத்தில் நின்றுவிடுகிறது. கார்ட் பழுதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இரண்டு நோய்களை ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். படிப்படியாக வேகம் குறைவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் குணம். எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளில் புதிய தரவு முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக எழுதப்படும். அது நிறைந்ததும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த தடங்களை மீண்டும் எழுத வேண்டியிருப்பதால் வேகம் சரிந்துவிடும். முதலில் மடிக்கணினியின் உள்ளே இருக்கும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு ஏற்றி, வேலை முடிந்த பின் வெளித்தட்டுக்கு மாற்றுங்கள். கட்டலொக்கும் முன்னோட்டங்களும் எப்போதும் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும்.

எப்போதும் அதே படத்தில் நிற்பதென்றால் கார்டைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். ஃபோர்மட் செய்யவோ அதில் மேலும் படம் எடுக்கவோ வேண்டாம். வேறு ரீடரில் போட்டு, அந்த ஒரு படத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பகுதி பகுதியாகப் பிரதி பண்ணுங்கள். நம் கடற்கரைக் காற்றில் கார்டின் பொன்னிறத் தகடுகளில் மங்கல் படிவதுண்டு; உலர்ந்த மென்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். அப்படிப் படங்கள் மீண்டாலும் அந்தக் கார்டை இனிக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கட்டலொக்கில் இரண்டு லட்சம் படங்கள் இருக்கின்றன. அதனால்தான் ஏற்றுவது மெதுவாகிறதா? (தெஹிவளை வாசகி)

பதில்: எண்ணிக்கை மட்டும் காரணமல்ல, லைட்ரூம் அவ்வளவையும் தாங்கும். ‘ஃபைல்’ மெனுவில் உள்ள ‘ஒப்டிமைஸ் கட்டலொக்’ என்பதை மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள். கட்டலொக் இருக்கும் தட்டில் போதிய வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.