அம்மாவுக்கு மூட்டு வலி. லியோனில் எங்கே தங்குவது?

கேள்வி: மே மாதம் 68 வயது அம்மாவுடன் பிரான்ஸின் லியோன் நகரத்துக்குப் போகிறேன். நான்கு இரவுகள். பழைய நகரத்தில் மூன்றாம் மாடி வீடு ஒன்று படத்தில் மனதை அள்ளுகிறது. தோழியோ, பார்-தியு ரயில் நிலையத்தை ஒட்டியே தங்கச் சொல்கிறாள். அம்மாவுக்கு மூட்டு வலி, சுத்த சைவம். எதைத் தேர்ந்தெடுக்க?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அந்தப் படத்தில் படிக்கட்டு இருக்கிறதா, பாருங்கள். இருக்காது. நானும் அப்படி ஒரு படத்தில் மயங்கி, வியு லியோன் என்கிற அந்தப் பழைய நகரத்தில் தங்கியவள்தான். சுருண்டு சுருண்டு ஏறும் கல் படிகள். எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்ததில் நடுவில் குழி விழுந்திருந்தன. தெருவில் பாவிய உருண்டைக் கற்களில் பெட்டிச் சக்கரம் போட்ட சத்தத்துக்கு ஜன்னல்கள் திறந்தன. யுனெஸ்கோ பட்டியலில் 1998-இல் சேர்ந்த இடம், அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் அம்மாவோடு தங்க வேண்டாம்.

தோழி சொல்வதும் தப்பில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் டிராம் அரை மணிக்குள் பார்-தியுவில் இறக்கிவிடும், லிஃப்ட் உள்ள ஹோட்டல்களும் நிறைய. ஆனால் அது அலுவலகக் கட்டடங்களும் பெரிய ஷாப்பிங் மாலும் உள்ள பகுதி. மாலையில் அம்மாவைக் கைபிடித்துக் காலாற நடக்க அங்கே என்ன இருக்கிறது?

என் ஓட்டு பெல்கூர் சதுக்கத்துக்குத் தெற்கே, ஏனே பக்கம். ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள நாக்கு போன்ற நிலம் அது. சமதரை. விக்தர் ஹ்யூகோ தெருவில் வண்டி கிடையாது, நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். வழியில் ஆம்பேர் சதுக்கத்தில் சிலையாக உட்கார்ந்திருப்பவர் வேறு யாருமில்லை, நம் பள்ளிப் புத்தகத்து ஆம்பியர்தான், லியோன்காரர். பெல்கூரிலிருந்து மெட்ரோ டி லைனில் ஒரே ஸ்டாப், வியு லியோன். அங்கிருந்தே ஃபூர்வியேர் குன்றுக்கு இழுவை ரயில் ஏறுகிறது. பசிலிக்காவையும் மேலிருந்து ஊரையும் அம்மா முட்டி நோகாமல் பார்த்துவிடலாம்.

குருவா-ரூஸ் குன்றும் அழகுதான். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த இடம். ஜக்கார்டு தறி நிற்க வேண்டுமே என்று கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள். கோவைக்காரருக்குப் பிடிக்கும். ஒரு காலை போய் வாருங்கள், போதும்.

பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், லிஃப்ட் வரை எத்தனை படி என்றும் கேளுங்கள். ஏழெட்டுப் படி ஏறிய பிறகே லிஃப்ட் ஆரம்பிக்கும் கட்டடங்கள் அங்கே உண்டு. அப்புறம், சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள். 'புஷோன்' எனப்படும் உள்ளூர் உணவகங்களில் குடலும் பன்றியும்தான் பிரதானம். கெனெல் என்று ஒன்று வரும், பார்த்தால் நீளக் கொழுக்கட்டை மாதிரி சாதுவாக இருக்கும். பெரும்பாலும் உள்ளே அரைத்த மீன். அம்மா கரண்டியை வைக்கும் முன் தடுத்துவிடுங்கள்.