ஆஸ்திரேலியப் பால் பண்ணையில் குவாட் பைக் ஓட்டச் சொல்கிறார்கள், ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டிய அனுபவம் போதுமா?

போதாது. ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டியதாகச் சொல்கிறீர்கள், முதல் ஒன்றிரண்டு மாதம் அந்தப் பழக்கமே உங்களைக் கவிழ்த்துவிடும். நான் விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு பால் பண்ணையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். விடியற்காலை மாடுகளைக் கறவைக்கு ஓட்டி வருவது, வேலி பார்ப்பது, களைக்கொல்லி அடிப்பது எல்லாமே இந்த நான்கு சக்கர வண்டியில்தான்.

பைக்கை வளைவில் சாய்க்கலாம், குவாட் சாயாது. நீங்கள்தான் உடலை வளைவின் உள்பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும், அல்லது உள்பக்கச் சக்கரங்கள் தூக்கும். சீட்டு நீளமாக இருப்பதும் இப்படி முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரத்தான், டபுள்ஸ் போக இல்லை. பண்ணையில் இருக்கும் குவாட் பெரும்பாலும் ஒருவருக்கான வண்டி, பின்னால் ஆள் ஏறினால் அதன் எடைக் கணக்கே மாறிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் "ஏறிக்கோ" என்று வாய் தானாக வரும், கவனம்.

அடுத்தது கால். பைக் தடுமாறினால் காலை ஊன்றுவோம் இல்லையா? இதில் ஊன்றினால் பின்சக்கரம் உங்கள் காலிலேயே ஏறும். எது நடந்தாலும் பாதம் மிதிதட்டை விட்டு இறங்கக்கூடாது. ஆக்சிலேட்டரும் முறுக்குவது இல்லை, வலது கட்டைவிரலால் அழுத்துவது. பதறிக் கைப்பிடியை இறுக்கினால் விரலும் சேர்ந்து அழுத்திவிடும், வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். முதல் வாரம் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, விரலை விட்டுவிட்டு பிரேக் பிடிப்பதை மட்டும் பழகுங்கள்.

இனி என் கதை. வந்த இரண்டாவது வருடம், குளிர்காலம், ஈரப் புல். பின்பக்க ரேக்கில் பாதி நிரம்பிய மருந்து டேங்க். சரிவில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, குறுக்கே போனேன், நடக்கிற வேகம்தான். மேல்பக்கச் சக்கரம் ஒரு புல்மேட்டில் ஏறியதும் டேங்கில் இருந்த தண்ணீர் மொத்தமும் பள்ளத்துப் பக்கம் ஓடியது, அவ்வளவுதான், வண்டி புரண்டது. கிட்டத்தட்ட 300 கிலோ எடை. சீட்டுக்குப் பின்னால் பொருத்தியிருந்த வளையம் தரையில் ஊன்றி நின்றதால் எனக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு இடைவெளி கிடைத்தது, ஊர்ந்து வெளியே வந்தேன். கணுக்காலில் தசைநார் கிழிந்தது. போனில் சிக்னல் இல்லை, மாலைக் கறவைக்கு ஆளைக் காணோம் என்று தேடி வரும் வரை மழையிலேயே கிடந்தேன். அன்றிலிருந்து எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லாமல் கிளம்புவதில்லை.

அந்த வளையத்துக்கு இங்கே ஓபிடி (ஓட்டுபவரைக் காக்கும் சாதனம்) என்று பெயர். குவாட் விபத்துகளில் பலர் இறப்பது பெரிய காயத்தால் அல்ல, வண்டி மார்பில் கிடக்க மூச்சுவிட முடியாமல்தான். 2011 முதல் 2018 வரை இந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் குவாட் பைக்கால் இறந்தார்கள். அதனால்தான் 2021 அக்டோபர் 11 முதல் புதிதாக விற்கும் பண்ணை குவாட்களில் இந்தப் பாதுகாப்பு கட்டாயம். ஆனால் கொட்டகையில் ஏற்கெனவே கிடக்கும் பழைய வண்டிக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே போன முதல் நாளே வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வளையம் இல்லையென்றால் மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். பயிற்சி கொடுப்பதும் முதலாளியின் சட்டப்படியான கடமைதான், ஒரு நாள் பயிற்சி வகுப்புகள் நிறைய இருக்கின்றன. பெல்ட்டும் கூண்டும் உள்ள, இருவர் அருகருகே உட்காரும் சைட் பை சைட் வண்டி பண்ணையில் இருந்தால், ஓட்டப் பழகிக்கொண்டு அதையே எடுங்கள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு.

சரிவில் ஏறும்போது நேராக ஏறுங்கள், உடலை முன்னால் கொண்டுவாருங்கள். இறங்கும்போது பின்னால் நகர்ந்து, சின்ன கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் பின்னோக்கி உருள விடாதீர்கள், பிரேக்கைப் பூட்டிவிட்டு மேட்டுப் பக்கமாக இறங்கி ஆளைக் கூப்பிடுங்கள். டேங்க் கட்டிக்கொண்டு குறுக்குச் சரிவு வேண்டவே வேண்டாம். உயரமான புல்லுக்குள் வாம்பட் என்ற விலங்கு தோண்டிய பொந்து இருக்கும், ஒரு முன்சக்கரம் உள்ளே போனால் போதும்.

டயர் காற்று பைக் மாதிரி 30 பிஎஸ்ஐ இல்லை, பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். சாதாரண கேஜ் அதைச் சரியாகக் காட்டாது, அதற்கென்று தனி கேஜ் உண்டு. இரண்டு பக்கமும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கத்து வயலுக்குத்தானே என்று கழற்றாதீர்கள்.

அப்புறம் ஒன்று. சேர்ந்ததும் உரிமையாளரோடு பண்ணையை ஒரு சுற்று வந்து, எங்கெல்லாம் வண்டி போகக்கூடாது என்று வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணையில் அப்படி மூன்று இடம் இருக்கிறது, மாடு அங்கே போய்விட்டால் இன்றும் நடந்துதான் போய் ஓட்டி வருகிறோம்.