யார்க் நகரம் போகிறவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

சில வருடம் இங்கிலாந்தின் யார்க்கில் குடியிருந்தேன். அங்கே கிளம்புகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கேயே பதில்.

கேள்வி: லண்டனிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாமா அண்ணா?

தாராளமாக. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். ஆனாலும் ஒரு ராத்திரி தங்குங்கள் என்பேன். பகல் முழுக்க தோளோடு தோள் இடிக்கும் ஷாம்பிள்ஸ் தெரு, கடைகள் அடைத்த பிறகு வேறு ஊராகிவிடும்.

கேள்வி: மின்ஸ்டர் தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தால் போதாதா? டிக்கெட் விலை கண்ணைக் கட்டுகிறது.

போதாது. மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். கிழக்குப் பக்கம் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. ஜான் தார்ன்டன் என்பவர் 1405இல் ஆரம்பித்து 1408இல் முடித்தார், கூலி 56 பவுண்ட். உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி அழிவது வரை அதில் கதை ஓடுகிறது, மேலே உள்ள சின்னச் சின்னப் படங்கள் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். அப்புறம் தெற்குப் பக்கம் ரோஜா ஜன்னல் என்கிற வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னல். 1984 ஜூலையில் தீப்பிடித்துக் கூரையே விழுந்தது, கண்ணாடி ஆயிரக்கணக்கான இடங்களில் விரிசல் விட்டும் சட்டத்தை விட்டு உதிரவில்லை.

அடித்தளத்துக்கும் இறங்குங்கள். 1960களின் கடைசியில் நடுக்கோபுரம் சரியப் போகிறது என்று அஸ்திவாரத்தைத் தோண்டினார்கள், கீழே ரோமானியக் கோட்டை. கி.பி. 306இல் கான்ஸ்டன்டைனை ரோமானியப் பேரரசராக அறிவித்தது இந்த ஊரில்தான்.

காசே செலவழிக்க மாட்டேன் என்றால் மாலைப் பாட்டு வழிபாட்டுக்குப் போய் உட்காருங்கள், இலவசம். சுற்றிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: தெருப் பெயரெல்லாம் "கேட்" என்றே முடிகிறதே, கேட் எதையும் காணோமே?

வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே படையெடுத்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன வழக்கம். 866இல் ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தெரு என்று பொருள். கோட்டை வாசலுக்கு இங்கே "பார்" என்று பெயர். குடிக்க இடம் தேடுகிறவர்கள் மிக்கில்கேட் பாருக்குப் போனால் ஒரு காலத்தில் வெட்டிய தலைகளைக் குத்தி வைத்த வாசல்தான் கிடைக்கும்.

கேள்வி: 6 வயதும் 9 வயதும் இரண்டு வாண்டுகள். எங்கே கூட்டிப் போக?

யார்விக் என்கிற வைக்கிங் காட்சியகம். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டி எடுத்த வைக்கிங் ஊரை, தோண்டிய இடத்திலேயே திரும்ப உருவாக்கி, வண்டியில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள், நாற்றம் உட்பட. ஒரு வைக்கிங் ஆசாமியின் கல்லாகிப்போன மலம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பிள்ளைகள் ஊர் திரும்பி அதைத்தான் சொல்வார்கள். மறுநாள் ரயில் அருங்காட்சியகம், அது இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது.

கேள்வி: கிளிஃபோர்ட்ஸ் டவர் சும்மா ஒரு மேடுதானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 1190 மார்ச்சில் ஊர்க் கும்பலுக்குப் பயந்து சுமார் 150 யூதர்கள் அங்கிருந்த மரக்கோபுரத்தில் ஒதுங்கினார்கள். பெரும்பாலோர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், உயிருக்கு உத்தரவாதம் என்று நம்பி வெளியே வந்தவர்களைக் கொன்றுவிட்டார்கள். இப்போதுள்ள கல் கோபுரம் அதற்குப் பிறகு கட்டியது. படியேறும் முன் அடிவாரத்தில் உள்ள நினைவுக்கல்லைப் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஊரைச் சுற்றியுள்ள பழைய மதில் மேல் அம்மாவை நடக்க வைக்கலாமா? முட்டிவலி உண்டு.

முழுச் சுற்று சுமார் 3.4 கிலோமீட்டர், அது வேண்டாம். பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை மட்டும் போங்கள், மின்ஸ்டர் பக்கத்திலேயே கூட வரும். இரண்டு முனையிலும் படி உண்டு, சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது, மழை பெய்திருந்தால் கல் வழுக்கும்.

கேள்வி: டிசம்பரில் ஊஸ் ஆற்றங்கரை ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

அந்த ஆறு அடிக்கடி கரை தாண்டும். கரையோர பப் ஒன்றில் எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று குறித்தே வைத்திருக்கிறார்கள். மேல்மாடி அறையா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.